ஒற்றை நட்சத்திரம் போட்டவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சக பார்வையாளர்களே,

வணக்கம். 'ரெக்ட்' (Wrecked) என்ற கனடா நாட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றுமே நடக்கவில்லை, தூக்கம்தான் வந்தது என்று ஒரு வரி எழுதி, ஐந்துக்கு ஒரே ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டு எழுந்து போனவர்களுக்கு இந்த மடல். உங்களில் யாரையும் எனக்கு நேரில் தெரியாது, ஒருவரைத் தவிர. அவர் என் மைத்துனர். அவர் போட்டது அரை நட்சத்திரம்.

சண்டைக்கு வரவில்லை. பிடிக்காத படத்தைப் பிடிக்கவில்லை என்று சொல்ல யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் மார்க்கைக் குறைத்த இடமும் கூட்டிய இடமும் தலைகீழாக இருப்பதாக எனக்குப் படுகிறது. அந்தப் படத்தில் மிக உண்மையாக இருக்கும் ஒன்றுக்குத் தண்டனை கொடுத்துவிட்டு, கொஞ்சம் கதை விட்டிருக்கும் இடத்தை மட்டும் 'செம ஐடியா' என்று தட்டிக்கொடுத்திருக்கிறீர்கள்.

படம் பார்க்காதவர்களுக்காகத் தொடக்கத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். 2010-இல் வந்த படம், மைக்கேல் கிரீன்ஸ்பன் இயக்கியது, ஓடுவது ஒன்றரை மணி நேரம். காட்டுக்குள் ஒரு பள்ளத்தின் அடியில் ஒரு கார் நொறுங்கிக் கிடக்கிறது. உள்ளே ஒருவன் கண் விழிக்கிறான். முகத்தில் காய்ந்த ரத்தம். முறிந்த கால் சிக்கியிருக்கிறது. பின்சீட்டில் ஒரு பிணம். தான் யார், இங்கே எப்படி வந்தோம், எதுவும் நினைவில்லை. கார் ரேடியோ ஒரு வங்கிக் கொள்ளையைப் பற்றிச் செய்தி சொல்கிறது. காருக்குள் துப்பாக்கியும் கிடக்கிறது. இதற்குமேல் சொல்ல மாட்டேன்.

அவனாக வருபவர் ஏட்ரியன் பிராடி. 29 வயதில் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் வாங்கியவர். அவரைவிட இளம் வயதில் அதை வாங்கிய ஆண் நடிகர் வேறு யாரும் இல்லை. அப்படிப்பட்டவரைக் கூப்பிட்டு வந்து, பேச வசனம்கூட அதிகம் கொடுக்காமல் முனகவும் தவழவும் விட்டிருக்கிறார்கள். இதைப் பார்த்து உங்களுக்கு வந்த எரிச்சல் புரிகிறது. முதல் தடவை பார்த்தபோது எனக்கும் வந்தது. இருபது நிமிடத்தில் நிறுத்திவிட்டு வேறு படம் போட்டேன்.

இரண்டாம் தடவை பார்த்தபோது என் வலது தொடைக்குள் ஒரு ராடு இருந்தது.

செங்கல்பட்டுப் பக்கம் ஒரு மாலை நேரம், பைக்குக்குக் குறுக்கே நாய் வந்துவிட்டது. நாய் தப்பித்துவிட்டது என்று சொன்னார்கள். எனக்குத் தொடை எலும்பு இரண்டாக உடைந்தது, தலையிலும் அடி. தொடை எலும்பு முறிந்தால் வெளியே ஒரு சொட்டு வராவிட்டாலும் உள்ளேயே ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் கசியக்கூடும் என்பதை நான் தெரிந்துகொண்டதே பிறகுதான். அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது, ஆறு வாரத்துக்குக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். (பெரியப்பா மட்டும் கடைசிவரை புத்தூர்க் கட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.)

என் கட்டிலிலிருந்து கழிவறைக் கதவுக்கு 11 அடி. எப்படித் தெரியும் என்றால், எங்கள் வீட்டு டைல்ஸ் ஒவ்வொன்றும் இரண்டடி; ஐந்து டைல்ஸும் ஆறாவதில் பாதியும். முதல் நாள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு கிளம்பியவன் மூன்றாவது டைல்ஸில் நின்றுவிட்டேன். திரும்பிப் போவதா, முன்னால் போவதா என்று தெரியவில்லை. வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்க ஒரு கையை எடுத்தால் வாக்கர் ஆடுகிறது. ஒருவழியாகக் கதவை அடைந்தால், அங்கே ஒன்றரை அங்குல உயரத்தில் ஒரு வாசற்படி. பத்து வருடமாக அந்த வீட்டில் இருக்கிறேன். அங்கே படி இருப்பதை அன்றுதான் பார்த்தேன்.

இன்னொரு நாள் தண்ணீர் பாட்டில் கை தவறிக் கீழே விழுந்து கட்டிலுக்கு அடியில் உருண்டு போய்விட்டது. அம்மா ரேஷன் கடை வரிசையில் நிற்கிறார். கட்டிலின் விளிம்பில் சரிந்து படுத்து, வாக்கரைத் தலைகீழாக விட்டுத் துழாவினேன். பாட்டில் தட்டுப்படுகிறது, நகர்கிறது, நகர்ந்து இன்னும் தள்ளிப் போகிறது. அம்மா வரும்வரை இரண்டு மணி நேரம் அந்தப் பாட்டிலைப் பார்த்தபடியே கிடந்தேன். அதை யாராவது படம் பிடித்திருந்தால் நீங்கள் என்ன எழுதியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

அந்த வாரம்தான் பாதியில் விட்ட 'ரெக்ட்'டை மறுபடி போட்டேன். காருக்குள்ளேயே அவன் சிக்கிக் கிடக்கும் நீண்ட பகுதி இருக்கிறதே, உங்களில் முக்கால்வாசிப் பேர் ஓட்டிவிட்டுப் பார்த்த பகுதி, அதை நான் மூச்சுவிடாமல் பார்த்தேன். அங்கே எல்லாமே நடக்கிறது. ஒரு சாண் நகர்வதற்குள் எத்தனை முடிவுகள் எடுக்க வேண்டியிருக்கிறது! எந்தக் கையை ஊன்றுவது, எப்போது மூச்சை அடக்குவது, வலி வருவதற்கு முன்னால் கத்துவதா பின்னால் கத்துவதா. காரைவிட்டு வெளியே வந்து தவழும்போது, கேமரா அவனோடு தரையிலேயே கிடக்கிறது. நாம் ஒரு காலடியில் தாண்டிப் போகிற மரத்துண்டு அவனுக்கு ஒரு நாளின் பாதி. என் வாசற்படியைத்தான் நினைத்துக்கொண்டேன்.

இது சும்மா நோயாளியின் பாசம் என்று என் மைத்துனர் சொல்கிறார். சரி, என்னை விடுங்கள். 1985-இல் பெரு நாட்டின் ஆண்டிஸ் மலையில், 6,344 மீட்டர் உயரமுள்ள சியூலா கிராண்டே சிகரத்திலிருந்து இறங்கும்போது ஜோ சிம்ப்சன் என்ற ஆங்கிலேயர் வலது காலை முறித்துக்கொண்டார். பிறகு ஒரு பனிப்பிளவுக்குள் விழுந்தார். இறந்துவிட்டார் என்றே கூட வந்தவர் முடிவு செய்துவிட்டார். அங்கிருந்து வெளியேறி, சாப்பாடு இல்லாமல், தண்ணீர் ஏறக்குறைய இல்லாமல், மூன்று நாளுக்கு மேல் தவழ்ந்தும் நொண்டியும் முகாமுக்கு வந்து சேர்ந்தார். எப்படி வந்தார் என்று அவரே சொல்லியிருக்கிறார். எதிரே தெரியும் ஒரு பாறையைக் குறித்துக்கொள்வார். கைக்கடிகாரத்தைப் பார்த்து, 20 நிமிடத்தில் அதை அடைய வேண்டும் என்று தனக்குத்தானே கெடு வைப்பார். அடைந்ததும் அடுத்த பாறை, அடுத்த 20 நிமிடம். வேறு வித்தை எதுவும் இல்லை. அந்த மூன்று நாளை உள்ளபடியே காட்டினால் அதற்கும் ஒற்றை நட்சத்திரம்தான் விழும்.

இந்த இடத்தில் 127 ஹவர்ஸை இழுக்காமல் இருக்க மாட்டீர்கள் என்று தெரியும். ஒவ்வொரு விமர்சனத்திலும் அந்த ஒப்பீடு இருக்கிறது, இருப்பதும் நியாயம்தான். அதுவும் 2010 படம், அதுவும் தனியாகச் சிக்கிக்கொண்ட ஒரு மனிதனின் கதை, போதாததற்கு நம்ம ரஹ்மான் இசை. ஆறு ஆஸ்கர் பரிந்துரைகள், அதில் இரண்டு ரஹ்மானுக்கு. எனக்கும் அது மிகவும் பிடித்த படம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். யூட்டா பாலைவனப் பிளவில் கை சிக்கிக் கிடந்த ஏரன் ரால்ஸ்டனுக்கு அம்மா அப்பா உண்டு, பழைய காதலி உண்டு, எடுக்காமல் விட்ட போன் அழைப்பு உண்டு. கேமராவுக்குப் பாறை அலுத்துவிட்டால் அவர் நினைவுக்குள் ஓடிவிடலாம். படத்தை இயக்கிய டேனி பாயில் அப்படித்தான் நம்மை அலுக்கவிடாமல் கூட்டிக்கொண்டு போகிறார். 'ரெக்ட்' ஆளுக்கு ஓடிப்போக நினைவே கிடையாது. இருப்பது இந்த மரம், இந்தச் சேறு, இந்தக் கால். படம் நகரவில்லை என்கிறீர்கள். அவனுக்கு நகர்வதற்கு இடம் எங்கே இருக்கிறது?

அப்புறம் அடுத்த புகார்: ஏன் காரை விட்டுப் போனான், அறிவில்லையா? இந்த விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. தேடுபவர்களின் கண்ணுக்கு மனிதனைவிட வண்டி சுலபமாகத் தெரியும். அதனால் வழி தவறினால் வண்டியை விட்டு விலகாதே என்பதுதான் தேடல் மீட்புக் குழுக்கள் எல்லாம் திரும்பத் திரும்பச் சொல்லும் பாடம். 1981-இல் கலிபோர்னியாவில் ஒரு சிறுவன் காட்டில் காணாமல்போய் இறந்த பிறகு, தொலைந்துவிட்டால் ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அங்கேயே நில் என்று குழந்தைகளுக்குச் சொல்லித்தரும் திட்டமே தொடங்கினார்கள்.

இந்தப் படம் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த 2011 வசந்தத்திலேயே, கிட்டத்தட்ட இதே கதை நிஜத்தில் நடந்துகொண்டிருந்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவைச் சேர்ந்த ஒரு தம்பதி லாஸ் வேகாசுக்கு வேனில் கிளம்பினார்கள். ஜிபிஎஸ் காட்டிய குறுக்கு வழியை நம்பி, நெவாடாவின் மலைக்காட்டுச் சாலையில் சேற்றில் சிக்கிக்கொண்டார்கள். மூன்று நாள் பார்த்துவிட்டுக் கணவர் உதவி தேடி நடந்து போனார். மனைவி வேனிலேயே இருந்தார். கையிலிருந்த கொஞ்சம் தின்பண்டம், உருக்கிய பனி, அவ்வளவுதான். ஏழு வாரம் கழித்து, மே மாதத்தில், வேட்டைக்குப் போனவர்கள் கண்ணில் வேன் பட்டு அவர் உயிரோடு மீட்கப்பட்டார். கணவரின் உடல் கிடைத்தது மறுவருடம்தான். ஆகவே வண்டியை விட்டுப் போகக் கூடாது என்று நீங்கள் எழுதியது சரிதான்.

ஆனால் ஒன்று. அந்த அம்மாவுக்குத் தான் யார் என்று தெரியும். தன்னைத் தேடி வருபவர்கள் நல்லவர்கள் என்பதும் தெரியும். இவனுக்கு அது தெரியாதே. ரேடியோ கொள்ளைக்காரர்களைப் பற்றிப் பேசுகிறது, பக்கத்தில் துப்பாக்கி கிடக்கிறது. வருகிறவர்கள் மீட்க வருகிறார்களா, பிடிக்க வருகிறார்களா? நான் காத்திருக்க வேண்டியவனா, ஓட வேண்டியவனா? எந்த மீட்புக் குழுவின் கையேட்டிலும் இதற்கு விடை இருக்காது. படத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஒரு விமர்சனத்தில்கூட யாரும் இதைத் தொடவில்லை.

இப்போது நீங்கள் தாராளமாக நட்சத்திரம் கொடுத்த இடத்துக்கு வருகிறேன்: ஞாபக மறதி. 'வித்தியாசமான ஐடியா', 'மறதியை ரியலாகக் காட்டியிருக்கிறார்கள்' என்று எழுதியிருந்தீர்கள். ஐடியாவைப் பற்றி எனக்குப் புகார் இல்லை, அதனால் என்ன கிடைத்தது என்று மேலேதான் சொன்னேன். ரியல் என்பதுதான் இடிக்கிறது. தலையில் அடிபட்டு நினைவு போனவன் என்ற முறையில் கொஞ்சம் பேசிக்கொள்கிறேன்.

விபத்தன்று நான் டீக்கடையில் நின்றது நினைவிருக்கிறது. கண்ணாடி டம்ளரின் விளிம்பில் ஒரு சின்ன உடைசல், வாய் படாமல் இருக்க டம்ளரைத் திருப்பினேன். அதற்கடுத்த நினைவு அவசர சிகிச்சைப் பிரிவின் கூரையில் ஒரு டியூப் லைட். நடுவில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் காணவில்லை. ஆனால் அந்த நேரம் முழுக்க நான் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்! என்னைத் தூக்கியவர்களிடம் பெயர் சொல்லியிருக்கிறேன், தங்கையின் போன் நம்பரைப் பத்து எண்ணும் பிசகாமல் சொல்லியிருக்கிறேன். ஆம்புலன்சில் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை "வண்டி எங்க?" என்று கேட்டிருக்கிறேன். பதில் சொல்வார்களாம், தலையாட்டுவேனாம், திரும்ப "வண்டி எங்க?". கூட வந்தவர் கடைசியில், வண்டி உங்க வீட்டுக்கே போயிடுச்சு என்று சொல்லிவிட்டாராம்.

தலையில் அடிபடும்போது பெரும்பாலும் இப்படித்தான் ஆகிறது. அழிவது அடிபட்ட நேரத்தைச் சுற்றியிருக்கும் நினைவு. புதிய நினைவுகள் முதலில் போகும், பழையவை பலமாக ஊன்றி நிற்கும் என்று தியோடூல் ரிபோ என்ற பிரெஞ்சுக்காரர் 1881-லேயே எழுதிவிட்டார். சொந்தப் பெயரெல்லாம் அடித்தளக் கல் மாதிரி, சாதாரண அடியில் அது ஆடுவதில்லை. பேச்சு, நடப்பு, வேலைத்திறமை எல்லாம் பத்திரமாக இருக்க, 'நான் யார்' என்பது மட்டும் சுத்தமாகத் துடைக்கப்படுவது மிக அரிது. அப்படி நடந்தால் மருத்துவர்கள் மண்டைக் காயத்தைவிட மன அதிர்ச்சியைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள்.

இந்தக் கணக்கில் பார்த்தால், சரியாகச் செய்த படம் நம் ஊரிலேயே இருக்கிறது. 2012-இல் வந்த 'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்'. பின்னோக்கி ஓடி கேட்ச் பிடிக்கப் போனவன் தலையடிபட விழுகிறான், கடைசி ஒரு வருடம் மட்டும் காணாமல்போகிறது, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறான். அது அந்தப் படத்தின் ஒளிப்பதிவாளர் பிரேம்குமாருக்கே நிஜத்தில் நடந்தது. திரையரங்கில் விழுந்து விழுந்து சிரித்தோம். மருத்துவமனையில் என் தங்கை, நீ அச்சு அசல் அந்தப் படம்தான் அண்ணா என்றபோது எனக்கு அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை.

'ரெக்ட்'டில் நினைவு துண்டு துண்டாக, போட்டோ ஒட்டுவது போலத் திரும்பி வருகிறது. வேண்டிய நேரத்தில் வேண்டிய துண்டு. என்னுடைய ஒன்றரை மணி நேரம் இன்றுவரை வரவில்லை, வராது என்றும் சொல்லிவிட்டார்கள். அது எங்கேயோ பூட்டி வைக்கப்பட்டிருக்கவில்லை; மூளை அதைப் பதியவே இல்லை. அப்படி ஒரு ஓட்டையோடு ஒரு படத்தை முடிக்க முடியாது என்பது எனக்கும் புரிகிறது. முடிச்சு இருந்தால் அவிழ்த்தாக வேண்டும். அதனால் மன்னித்துவிட்டேன். ஆனால் அதை 'ரியல்' என்று எழுதாதீர்கள்.

முடிவை முதலிலேயே கண்டுபிடித்துவிட்டேன் என்று எழுதியவர்களுக்கு: வாழ்த்துகள்.

உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. நட்சத்திரத்தை மாற்றச் சொல்லவில்லை. எழுதும்போது எப்படிப் பார்த்தீர்கள் என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பஸ்ஸில் போனில் பார்த்தீர்களா, ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டினீர்களா, பக்கத்தில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்ததா? மைத்துனரைக் குடைந்து கேட்டேன். பத்துப் பத்து விநாடியாகத் தள்ளித் தள்ளி, 50 நிமிடத்தில் படத்தை முடித்திருக்கிறார். தவழ்வதையே கதையாக வைத்திருக்கும் படத்தைத் தாவித் தாவிப் பார்த்தால் ஒன்றும் நடக்காதுதான். அதைச் சொல்லிவிட்டு அரை நட்சத்திரம் போட்டிருந்தால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மெதுவான படத்தைத் தேடிக்கொண்டிருக்கும் யாரோ ஒருவர் அந்த வரியைப் பார்த்துவிட்டு, அட, இது நம்ம படம் என்று உட்கார்ந்திருப்பார்.

இன்னொன்று, முடிவை முதல் வரியிலேயே போட்டு உடைக்காதீர்கள். எங்கள் வீட்டிலேயே இன்னும் பார்க்காத ஒருவர் இருக்கிறார். அம்மா. படத்தில் ஒரு நாய் வருகிறது, தவழ்பவனோடு சேர்ந்துகொள்கிறது என்று தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன். என் விபத்துக்குப் பிறகு தெருவில் எந்த நாயைப் பார்த்தாலும் கல்லைத் தேடுபவர் அவர். இப்போது தினமும் சமையலறையிலிருந்து ஒரே கேள்வி: "அந்த நாய்க்கு ஒண்ணும் ஆகாதில்ல?"

நான் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
மூன்று நட்சத்திரம் போட்ட ஒருவன்